நான் பாதுகாப்பானது என்று சொன்ன கோப்பு

குடும்பத்தில் ஒருவர் கம்ப்யூட்டர் படித்துவிட்டால், அதன்பிறகு மிக்ஸி ஓடாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நாளடைவில் படித்தவருக்கும் தனக்கு மிக்ஸி தெரியும் என்ற எண்ணம் வந்துவிடும். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எனக்கு அந்த எண்ணம் முற்றியிருந்த நேரம். சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதே நிறுவனத்தின் பாதுகாப்புக் குழுவுக்கு மாறவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அங்கே இடம் காலியாவது அபூர்வம் (வேலையை விட்டுப் போவோர் கிடையாது). எப்படியோ ஓர் இடம் காலியாகி, ஒரு வெள்ளிக்கிழமை எனக்கு நேர்முகத் தேர்வு என்று முடிவானது. வீடியோ அழைப்பில்தான்.

அன்று காலை மாமா போன் செய்தார். மாமல்லபுரத்தில் கடற்கரைக்குப் போகும் தெருவில் அவருக்குச் சின்னதாக ஒரு லாட்ஜ். அறை கேட்டு வரும் ஈமெயிலுக்கு அவர் பதில் எழுதி முடிப்பதற்குள், கேட்டவர்கள் பக்கத்து லாட்ஜில் குளித்துவிட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். இதைப் பார்த்து இரக்கப்பட்ட டிராவல்ஸ்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு அனுப்பியிருந்தார். பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன். மெயில் வந்தவுடன் அதுவே பதில் போட்டுவிடுமாம். என்ன பதில் என்பதை மாமா சொல்லச் சொல்ல, டிராவல்ஸ்காரரே உள்ளே எழுதியும் கொடுத்துவிட்டார்.

“இத்த போடலாமா வாணாமான்னு நீ வந்து ஒரு வாட்டி பாத்துச் சொல்லு பாப்பா. அப்பால நான் பாத்துக்கறேன்” என்றார் மாமா.

நான் மறுத்திருக்கலாம். ஆனால், முன்பின் தெரியாத கோப்பைச் சோதிப்பதுதான் நான் போக விரும்பிய குழுவின் வேலையே. தேர்வுக்கு ஒத்திகையாக இருக்கட்டும் என்று லேப்டாப்போடு படூரில் பஸ் ஏறினேன். அன்று வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாள்தான். வீடு என்றால் எந்த வீடு என்று நிறுவனம் குறிப்பிட்டதில்லை.

லாட்ஜின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து முறைப்படி தொடங்கினேன். முறையில் முதலாவது, கோப்பு எங்கிருந்து வந்தது என்பது. டிராவல்ஸ்காரருக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்டேன். அவருடைய மச்சான் என்றார் மாமா. மச்சானுக்கு யார் கொடுத்தது?

“அதெல்லாம் தோண்டிகினு போனா நல்லாவா கீது பாப்பா?”

‘மூலம் தெரியவில்லை’ என்று குறித்துக்கொண்டேன். அடுத்து, அது கேட்கும் அனுமதிகள். எல்லா இணையப் பக்கங்களையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்டது. சிவப்பில் குறித்தேன். பிறகு கோப்பைப் பிரித்து உள்ளே இருந்த நிரலை வரி வரியாகப் படித்தேன். நம் தகவலைத் திருடி வேறெங்கும் அனுப்பவில்லை. மாமாவின் பதிலை மட்டும் படிக்கவில்லை. ஆபத்து அதில் இருக்கும் என்று எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை.

கடைசியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். இதை நம் சொந்த பிரவுசரில் செய்யக்கூடாது. சோதனைக்கென்றே தனியாக ஒன்றைத் திறந்து, அதில் ஒரு போலி மெயில் கணக்கை வைத்து, அங்கேதான் ஓட்ட வேண்டும். அப்படியே திறந்தேன். பக்கத்தில் என் சொந்த பிரவுசரும் திறந்திருந்தது, அலுவலக மெயிலோடு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்தன. ஏற்றப் போகும் நேரத்தில் யாரோ பக்கெட் கேட்டார்கள். லாட்ஜில் அந்த மேஜையில் யார் உட்கார்ந்திருந்தாலும் பக்கெட் கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டு வந்து, கண்ணுக்கு முன்னால் இருந்ததில் ஏற்றினேன்.

அது என்னுடையது.

இது எனக்குத் தெரியாது. சோதனைப் பக்கத்தைத் திரை முழுக்க விரித்து வைத்துக்கொண்டு, அதற்கு போனிலிருந்து மெயிலாக அனுப்பினேன். எந்தப் பதிலும் வரவில்லை. இதற்கிடையே போனில் ஓர் அறிவிப்பு. பாதுகாப்புக் குழுவின் தலைவி மாலதி, தேர்வு நடத்த வரும் குழுக்காரர் குமரனையும் சேர்த்து எழுதியிருந்தார்: ‘நானும் குமரனும் நாலு மணிக்கு வருகிறோம். சரிதானே?’ மெயிலைத் திறக்காமல், அறிவிப்பிலிருந்தே பதில் தட்டினேன்: ‘மிக்க மகிழ்ச்சி. காத்திருக்கிறேன்.’

பிறகு அறிக்கையின் முடிவுரையை எழுதினேன்: ‘இந்தக் கோப்பு பாதுகாப்பானது. ஏனென்றால் இது எதையும் செய்வதில்லை.’

மாமாவின் முகம் வாடிவிட்டது. அத்தைதான் சமாதானம் சொன்னார்: “வுடு. ஓசியில வந்தது அப்டித்தான் இருக்கும்.”

நாலு மணிக்கு மாடி அறையில், போனில் வீடியோ அழைப்பை ஏற்றேன். திரையில் மாலதியும் குமரனும். குமரன் குனிந்தே இருந்தார். மாலதி நிதானமாகப் பேசினார்.

“ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சந்தேகம். எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. குமரனுக்கும் ஆயிடுச்சு. ஆனா நாங்க ஒருத்தரை ஒருத்தர் பண்ணிக்கலை. வரலாமா?”

எனக்குப் புரியவில்லை. அவர் மெயிலைத் திரையில் காட்டினார். என் பெயரில், என் முகவரியிலிருந்து போயிருந்தது:

‘வணக்கம். ரூம் ரெடியா கீது. மாடில நின்னா கடல் தெரியும். வென்னீர் காலைல மட்டும். ஜோடியா வந்தா ரெண்டு பேர் ஆதாரும் ஓணும். கல்யாணம் ஆவாதவங்களுக்கு ரூம் கெடியாது, அப்பால வருத்தப்படக் கூடாது. மீன் சாப்புடுவீங்களா மாட்டீங்களா, முன்னாடியே சொல்லிடணும்.’

அதற்குக் கீழே, நானே கைப்பட எழுதியது: ‘மிக்க மகிழ்ச்சி. காத்திருக்கிறேன்.’

குமரன் மெதுவாக நிமிர்ந்தார்.

“நான் சைவம்” என்றார்.

நடந்ததைச் சொன்னேன். வரிசைப்படி சொன்னேன். மாலதி கடைசிவரை கேட்டுவிட்டு, கோப்பைப் பற்றி என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்றார். பாதுகாப்பானது, எதையும் செய்யாது என்று அறிக்கை கொடுத்திருப்பதாகச் சொன்னேன். (பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை.)

“கோப்பு பாஸ்” என்றார் மாலதி. “நீங்க அடுத்த தடவை வாங்க.”

கீழே இறங்கி வந்து என் பிரவுசரைத் திறந்தேன். காலையிலிருந்து வந்த ஒவ்வொரு மெயிலுக்கும் பதில் போயிருந்தது. என் மேலாளருக்கு அறை தயாராக இருந்தது. ஆதார் எண்ணை யாரிடமும் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்திருந்த வங்கியிடம், ரெண்டு பேர் ஆதாரும் கேட்கப்பட்டிருந்தது. தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாமா சொன்னார்:

“அட, சோக்காத்தான் வேல செய்யுது. நீ இன்னாத்த பாத்துகினு இருந்த?”

அடுத்த தடவை வர நெடுநாள் ஆனது. வந்தபோது தேர்வானேன், இன்று அந்தக் குழுவில்தான் இருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வகுப்பில் என் மெயிலைப் பெயர் மறைத்துக் காட்டுகிறார்கள். வகுப்பை எடுப்பது நான்தான்.

வீட்டில் பெயர் மறைப்பதெல்லாம் கிடையாது. போன மாதம் மாமாவின் மகளுக்குக் கல்பாக்கத்தில் ஒரு வரன் வந்தது. முறையாகப் பார்ப்பவள் என்று என்னையே முதலில் அனுப்பினார்கள். போய், வீடு, தண்ணீர், அக்கம்பக்கம், மாப்பிள்ளையின் அம்மா பேசிய விதம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி, தாராளமாகப் பேசலாம் என்று முடித்தேன். மாமா பொறுமையாகக் கேட்டார்.

“எல்லாம் சரி பாப்பா. நீ பாத்தது அவங்க வூட்டத்தானே?”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தக் குடியிருப்பில் வீடுகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே கேட். வாசலில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கி, கதவு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன்.