ஆறு எம்.எம். துளை

பொறியியல் கல்லூரி வாத்தியார்களில் ‘மாதிரி ரெக்கார்டுக்காரர்’ என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்கும் ஒருவர் வாய்த்திருப்பார். எப்போதோ ஒரு நல்ல மாணவன் எழுதிவிட்டுப் போன ஆய்வக ரெக்கார்டு நோட்டுக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டு, பீரோவில் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆயுத பூஜையன்று இயந்திரங்களோடு அதற்கும் ஒரு பொட்டு வைத்து, வருகிற வகுப்பையெல்லாம் அதைப் பார்த்தே எழுதவைப்பவர். “பார்த்து எழுதுங்க, சொந்தமா எழுதிராதீங்க” என்பதுதான் அவர் நடத்தும் பாடம். இயந்திரம் பக்கத்து அறையில்தான் இருக்கும். அவர் ஏன் போய்ப் பார்க்க வேண்டும்? ரெக்கார்டில்தான் எல்லாம் இருக்கிறதே.

கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். காய்ச்சலோடும் வகுப்புக்கு வருவார். பட்டினியாக வந்தவனைக் கண்டால் தன் டிபன் டப்பாவைத் திறந்து நீட்டுவார். எனக்கே நீட்டியிருக்கிறார், அந்த எலுமிச்சை சாதத்துக்காக எனக்கு அவர்மேல் இன்றும் பிரியம்தான்.

சோமனூர்ப் பக்கம், விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் குரல் எடுத்துப் பாடம் நடத்த வேண்டிய ஒரு கல்லூரியில், தொண்ணூற்றொன்றில், ஜவுளிப் பொறியியல் படித்த எங்களுக்கு வாய்த்தவர் ரத்தினசாமி சார். அவருடைய முதல் மாதிரி ரெக்கார்டில், பனியன் துணி பின்னும் இயந்திரத்தின் படத்தில், கியர் பெட்டி மூடிமேல் யாரோ ஒரு சொட்டு டீயைச் சிந்திவிட்டார்கள். பீரோவில் இருந்த பழைய நோட்டுகளை வரிசையாகப் புரட்டினால் மீதிக் கதை தெரியும். அடுத்த வகுப்பு அந்தச் சொட்டைப் பென்சிலால் வட்டமாக வரைந்தது, அதற்கடுத்தது நடுவே கோடு போட்டது, பிறகு ஒரு புத்திசாலி ‘எண்ணெய்த் துளை’ என்று பெயர் வைத்தான், அவனைவிடப் பெரிய புத்திசாலி ஒருவன் ஆறு எம்.எம். என்று அளவும் கொடுத்தான். அந்த நோட்டுதான் எங்களுக்கு மாதிரி.

எங்கள் வகுப்பில் சாரதாமணி என்று ஒரு பெண். அவள் அப்பா சுப்பண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். ஒரு பேப்பரில் அரியர் விழுந்தாலும் படிப்பை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனுஷன். பிறந்ததிலிருந்து அந்த இயந்திரத்தைப் பார்த்து வளர்ந்தவள், பக்கத்து அறைக்குப் போய் இன்னொரு முறையும் பார்த்துவிட்டு, துளை இல்லாமல் படம் போட்டாள். சார் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ரெக்கார்டில் கையெழுத்து இல்லையென்றால் திங்கட்கிழமை செய்முறைத் தேர்வுக்குள் விடமாட்டார்கள்.

“ஏனுங்க சார், மெசின்ல அந்த ஓட்டையே இல்லீங்க” என்றாள்.

“பத்து வருசமா எல்லாரும் போட்டிருக்கறாங்க கண்ணு. உனக்கு மட்டும் இல்லாமப் போயிருமா?”

“வந்து ஒருக்காப் பாருங்க சார்.”

சார் வந்தார். அதுவே அதிசயம். நாங்கள் முப்பது பேரும் பின்னால் போனோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூடியைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், மறுபடி மூடியைத் தடவினார். துளை இல்லை. ஜெயித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

சார் ஆய்வக உதவியாளரைக் கூப்பிட்டார்.

“கன்னையா, ட்ரில் எடுத்துட்டு வாங்க. ஆறு எம்.எம். பிட்டுப் போடுங்க.”

“எதுக்குங்க சார்?”

“கம்பெனிக்காரன் ஒரு ஓட்டையை உட்டுட்டானுங்க.”

கன்னையன் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துளை போட்டார். இரும்புத்தூளைச் சார் தானே வாயால் ஊதிவிட்டு, சாரதாமணியிடம் மிகுந்த அன்போடு சொன்னார்: “இப்பப் பாரு கண்ணு. உன்ற படத்துலதான் தப்பு.”

அவள் பெஞ்சில் உட்கார்ந்து வட்டத்தை வரைந்து, அளவெழுதிக் கையெழுத்து வாங்கினாள். தேர்வு எழுதினாள், பாஸானாள், மாப்பிள்ளையும் வரவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன மாதம் உங்கள் பிள்ளை எதையோ நேரில் பார்த்துவிட்டு ஓடிவந்து, புத்தகத்தில் வேறு மாதிரி போட்டிருக்கிறதே என்று கேட்டபோது, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் நீங்கள் என்ன சொன்னீர்கள்? “புத்தகத்தில் இருக்கிறதையே எழுது, மார்க் போயிரும்.” பிள்ளை போய் ரப்பரை எடுத்ததா, இல்லையா?