ஒரு வயிற்றுக்கு ஒரு மாத்திரை

கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது என்ன விளையாட்டுக் காரியமா? அதற்கென்று ஒரு தாய்சேய் நல நிலையம், நிலையத்துக்கென்று ஒரு கண்காணிப்பாளர், கண்காணிப்பாளருக்கென்று ஒரு சுழல் நாற்காலி, எல்லாம் முறைப்படி இருந்தன. மாத்திரையும் இருந்தது. கவுண்டருக்கு மேலே பச்சை எழுத்தில் விதி எழுதியிருந்தது: ‘ஒரு கர்ப்பம், ஒரு கார்டு, நாளொன்றுக்கு ஒரு மாத்திரை.’ எழுதிய மகானுபாவர் யார் என்று யாருக்கும் தெரியாது. ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவர் என்பது மட்டும் நிச்சயம்.

நம் கணக்கு டீச்சருக்கு இந்த விதியோடு ஒரு பகையும் கிடையாது, ஐந்தாம் மாத ஸ்கேன் எடுக்கும்வரை. ஸ்கேனில் இரண்டு தலை தெரிந்தது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் எட்டரை என்று வந்தது. டாக்டரம்மா டீச்சரின் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"என்னம்மா இது, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு? உள்ள ரெண்டு பேரும் உன் ரத்தத்துலதான் வளரணும். இப்ப ஒண்ணு போடறேல்ல, இனிமே காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. டீயோட போடாதே, பாலோட போடாதே. கொஞ்சம் குமட்டும், வயித்தைக் கட்டும், வெளியே போறது கருப்பாப் போகும். அதுக்குப் பயந்து நிறுத்திடாதே. இந்த ரத்தத்தோட பிரசவத்துக்குப் போனா உனக்குத்தான் ஆபத்து."

டீச்சர் ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மாடி ஏறுவதற்குள் மூச்சு முட்டி, பாதிப் படியில் உட்கார்ந்துதான் போகிறாள். சீட்டை வாங்கிக்கொண்டு நேராகக் கவுண்டருக்குப் போனாள்.

கவுண்டர் அம்மா சீட்டைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள்.

"நாளைக்கு ரெண்டுன்னு போட்டிருக்கு. அப்படியெல்லாம் தர முடியாதும்மா."

"ரெட்டைக் குழந்தைங்க."

"இருக்கட்டும். வயிறு ஒண்ணுதானே?"

டீச்சர் குனிந்து பார்த்தாள். ஒன்றுதான். கணக்குப் படித்தவள், பொய் சொல்ல வரவில்லை.

"உள்ள ரெண்டு பேர் இருக்காங்கம்மா."

"உள்ள எத்தனை பேர்னு எங்களுக்குக் கணக்கு இல்ல. ரெண்டாவது ஆளுக்கு மாத்திரை வேணும்னா ரெண்டாவது ஆளுக்குத் தனியா கார்டு போடுங்க. பாரம் அந்த ஜன்னல்ல இருக்கு."

நியாயமான பேச்சாகத்தான் பட்டது. டீச்சர் பாரத்தை வாங்கி, ஜன்னல் விளிம்பில் வைத்து எழுத ஆரம்பித்தாள். தாயின் பெயர், வயது, எடை எல்லாம் மளமளவென்று நடந்தது. ஏழாவது கேள்வியில் பேனா நின்றது. ‘முந்தைய கர்ப்பத்துக்கும் இந்தக் கர்ப்பத்துக்கும் உள்ள இடைவெளி.’ கொஞ்சம் யோசித்தாள். ‘பூஜ்யம் நாள்’ என்று எழுதிக் கொடுத்தாள்.

ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் பதறிப் போனார். இரண்டு வருஷத்துக்குக் குறைவாக இடைவெளி விட்டவர்களைக் குடும்பநல ஆலோசனைக்கு அனுப்பாமல் பாரத்தை வாங்கினால் அவர் வேலைக்கே உலை வைத்துவிடுவார்கள். டீச்சர் பன்னிரண்டாம் அறைக்கு அனுப்பப்பட்டாள். அங்கே ஒரு ஆலோசகி, மேஜைமேல் ஒரு படம், படத்தில் சிரித்துக்கொண்டிருக்கும் சின்னக் குடும்பம்.

"படிச்சவங்களா இருக்கீங்க. நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்றாள் ஆலோசகி, மிகுந்த பரிவோடு. "ஒரு குழந்தைக்கும் அடுத்ததுக்கும் கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கலாமே."

"எப்படிங்க விடறது?"

"அதுக்கெல்லாம் வழி இருக்கு. வீட்டுக்காரர்கிட்ட பேசுங்க."

முக்கால் மணி நேரம் அறிவுரை கேட்டு, கேட்டதற்கு அத்தாட்சியும் வாங்கிக்கொண்டு, டீச்சர் கண்காணிப்பாளர் முன்னால் போய் நின்றாள். அவர் நல்ல மனிதர். யாரையும் நிற்க வைத்துப் பேச மாட்டார். உட்காரச் சொல்லிவிட்டு, அவர் பாட்டுக்கு ஒரு மணி நேரம் காகிதத்தைப் படித்தார்.

"மேற்படி பொருள் கனிவோட பரிசீலிக்கப்படும்," என்றார். "ஆனா ஒரு சிக்கல் இருக்கு. இதுவரைக்கும் ஒரு மாத்திரை வாங்கிட்டு இருக்கீங்க, இல்லையா? அது எந்தக் குழந்தைக்கு?"

"சார், அது எனக்கு."

"நீங்க தாய். பயனாளி சேய். ரெண்டு சேய் இருக்கறப்ப, ஒருத்தர் மட்டும் வாங்கிட்டு இன்னொருத்தரைப் பட்டினி போட்டா பாரபட்சம்னு நாளைக்குக் கேள்வி வரும். நான்தான் பதில் சொல்லணும். கையில மிச்சம் மாத்திரை இருக்கா?"

டீச்சர் அப்பாவியாக இரண்டு அட்டைகளைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். கண்காணிப்பாளர் அவற்றை வாங்கி, ஃபைலோடு சேர்த்து ஊசி குத்தி, ‘இணைப்பு நான்கு’ என்று எழுதினார்.

"பயனாளி யார்னு முடிவாகிற வரைக்கும் வழங்கல் நிறுத்தி வைக்கப்படுது. கவலைப்படாதீங்க, ஆவன செய்யப்படும்."

இரண்டு கேட்கப் போனவள் இருந்த ஒன்றையும் கொடுத்துவிட்டு வந்தாள். டாக்டரம்மாவிடம் முறையிடலாம் என்றால் அவர் ஊரில் இல்லை. ‘ரத்தசோகை ஒழிப்பில் மருத்துவர்களின் பங்கு’ என்று ஆறு வாரப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கதையைக் கேட்டதும் மனிதருக்கு ரத்தம் கொதித்தது. பெண்டாட்டிக்குக் குறைந்த ரத்தமெல்லாம் இவருக்குத்தான் ஏறியதோ என்னவோ. அன்றைக்கே ஒரு நீலக்கலர் ஃபைல் வாங்கினார். மேலதிகாரிக்கு ஒரு மனு, அவருக்கு மேலே இருப்பவருக்கு ஒரு மனு, எல்லாருக்கும் மேலே யாராவது இருந்தால் அவருக்கும் ஒன்று.

"விடமாட்டேன். இது மாத்திரை விஷயம் இல்ல, கொள்கை விஷயம்!"

"எனக்கு மாத்திரை விஷயம்தாங்க," என்றாள் டீச்சர், சோபாவில் படுத்தபடி. அவர் காதில் விழவில்லை. ஃபைலுக்கு அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குள் நாத்தனாருக்கு விஷயம் போய்விட்டது. அவள் போனில் ‘இயற்கையோடு வாழ்வோம்’ என்று குழு நடத்துகிறவள். மாத்திரை என்றாலே அவளுக்கு உடம்பு கூசும்.

"போகட்டும் விடுங்க அண்ணி, அதெல்லாம் கெமிக்கல். காலையில வெறுங்காலோட இரும்பு கேட்டைப் பிடிச்சிட்டு இருபது நிமிஷம் நில்லுங்க. உடம்பு தனக்கு வேணுங்கறதை அதுவாவே இழுத்துக்கும். எங்க குழுவுல மூவாயிரம் பேர் பண்றாங்க."

"யாருக்காவது ரத்தம் ஏறுச்சா?"

"டெஸ்ட் எடுக்க மாட்டோம் அண்ணி. டெஸ்ட்டும் கெமிக்கல்தானே?"

பாவம், பயந்தவள் என்ன செய்வாள்? மூன்று நாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் துரு ஏறியது. நாலாம் நாள் நிற்க முடியாமல் அங்கேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த இரண்டையும் யார் பார்ப்பார்கள் என்று அழுதாள். வீட்டுக்காரர் தூக்கிவிட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு, ‘இன்று காலை மயக்கம்’ என்று தேதி போட்டு ஃபைலில் ஏற்றினார். கேஸ் வலுத்துவிட்டதாம்.

நிலையமும் சும்மா இருக்கவில்லை. வாரம் ஒரு கடிதம் வந்தது. குழந்தைகளில் மூத்தவர் யார் என்று கேட்டார்கள். இன்னும் பிறக்கவில்லை என்று பதில் போனது. அப்படியானால் பிறந்த பிறகு, பிறப்புச் சான்றிதழோடு விண்ணப்பித்தால் கர்ப்பகால மாத்திரை உடனடியாக வழங்கப்படும் என்று பதிலுக்குப் பதில் வந்தது. நாற்பத்திரண்டு நாள் இப்படியே ஓடியது.

நாற்பத்து மூன்றாம் நாள் மொத்த ஃபைலையும் ஐந்து பிரதி கேட்டார்கள். வழக்கமாகக் காப்பி எடுக்கும் இடத்தில் மின்சாரம் இல்லை. இருவரும் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் மெஷினைப் பார்த்து ஏறினார்கள். கடைக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே தலைப்பைப் படித்தார்.

"இவ்வளவும் எதுக்குங்க?"

"இரும்புச்சத்து மாத்திரைக்கு," என்றார் வீட்டுக்காரர், நெஞ்சை நிமிர்த்தி.

கடைக்காரர் மெஷினை நிறுத்தினார். பின்னால் திரும்பி, கையை நீட்டி, அலமாரியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அப்போதுதான் இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அது மருந்துக்கடை.

"சீட்டைக் காட்டுங்கம்மா. ஆமா, இதேதான். நீங்க எடுக்கற காப்பியை விட விலை கம்மி."

டீச்சர் அட்டையை எடுக்கக் கை நீட்டினாள். வீட்டுக்காரர் டீச்சரின் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"இரு, இரு. இதை வாங்கிட்டோம்னா நம்ம கேஸ் பலவீனமாயிடும்."

"கேஸா? பலவீனமா இருக்கறது நான்தாங்க!"

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் டீச்சர் அப்படிக் கத்தியதே இல்லை. கடையிலேயே தண்ணீர் கேட்டு வாங்கி, அங்கேயே ஒன்றை விழுங்கினாள். கையில் இருந்த நீல ஃபைலை வீட்டுக்காரர் மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

பிறகு குமட்டியது, வயிற்றைக் கட்டியது, டாக்டரம்மா சொன்னதெல்லாம் சொன்னபடி நடந்தது. அவள் நிறுத்தவில்லை. ஹீமோகுளோபின் ஒன்பது வந்தது, பத்து வந்தது. பயிற்சி முடிந்து திரும்பிய டாக்டரம்மாவே இமையை இழுத்துப் பார்த்துத் தட்டிக் கொடுத்தார். ரத்தம் ஏறியவுடன் கூடவே கோபமும் ஏற, டீச்சர் கண்காணிப்பாளர் அறைக்கு விறுவிறுவென்று போனாள்.

"உங்க மாத்திரை எனக்கு வேண்டாம் சார். நானே வெளியில வாங்கிச் சாப்பிட்டுக்கறேன்!"

முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள். கண்காணிப்பாளரோ நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"அருமை! இதை அப்படியே எழுத்துல கொடுங்க!"

அடுத்த மாதம் சோதனைக்கு வந்தபோது கவுண்டர் மூடியிருந்தது. பச்சை எழுத்து விதியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் பெரிய பலகை மாட்டியிருந்தார்கள். ‘தன்னிறைவுத் தாய் திட்டம்: மாத்திரையைத் தானே வாங்கி உண்பீர்!’ பலகையின் நடுவில் டீச்சரின் போட்டோ, கார்டிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. டீச்சருக்குக் காது மடல் வரை சுட்டது. முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு சோதனை வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

அவளுக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தாள். வெளுத்த உதடு, குச்சிக் கை, நிறைந்த வயிறு.

"அக்கா, போட்டோல இருக்கறது நீங்கதானே?"

"ஆமாம்மா."

"எனக்கும் ரெட்டைதான்க்கா. ரத்தம் ஏழரைதான் இருக்குன்னாங்க. எதிர்ல இருக்கற மருந்துக்கடைக்குத்தான் போனேன். கம்மி விலைதான், ஆனா எங்களால அதுவும் முடியலைக்கா. அதான் இங்க தருவாங்களான்னு வந்தேன்."

அவள் குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். டீச்சருக்கு, கொள்கை கொள்கை என்று கத்திய வீட்டுக்காரரைக் கடையில் கூசிப் போக வைத்தது நினைவுக்கு வந்து, முதல் முறையாக அந்த மனிதர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. அவசரமாகப் பையைத் திறந்து, இருந்த இரண்டு அட்டைகளையும் எடுத்து அந்தப் பெண்ணின் கையில் திணித்தாள்.

"வச்சுக்கோ. ரெண்டு வேளை. டீயோட போடாதே."

அறை வாசலில் நின்று கண்காணிப்பாளர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்கள் மெல்ல விரிந்தன.

"யாருய்யா அங்க, கேமராவை எடுத்துட்டு வா! டீச்சர், அப்படியே நில்லுங்க, கையை எடுத்துடாதீங்க. ‘தாய்க்குத் தாய் திட்டம்’! அடுத்த மாசத்துலேருந்து ஒவ்வொரு கர்ப்பிணியும் இன்னொரு கர்ப்பிணிக்கு ரெண்டு அட்டை கொடுத்துட்டுத்தான் சோதனைக்கு உள்ள வரணும்!"

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் டீச்சரை ஒரு பார்வை பார்த்தார்கள். பிறகு, சொல்லிவைத்த மாதிரி, ஒவ்வொருத்தியாகத் தன் பையின் வாயை இழுத்து மூடிக்கொண்டாள்.