பந்தில்லா மாஸ்டர்

இல்லாத பந்தை அவரைப் போல அழகாகப் பிடிக்கத் தெரிந்தவர் பூலோகத்தில் வேறு யாரும் கிடையாது. மேலோகத்தில் இருக்கலாம், அவரும் நம் மாஸ்டரிடம் கற்றுக்கொண்டவராகத்தான் இருப்பார்.

கல்கத்தாவில் நான் குமாஸ்தா உத்தியோகம் பார்த்த காலம். எங்கள் மதராஸ் மெஸ்ஸின் கொல்லைச் சுவருக்கு அந்தப்புறம் ஒரு கல்லூரியின் கூடைப்பந்து மைதானம். அந்தக் கல்லூரிக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது. ஆனாலும் சுவரோர ரசிகர்களில் என் தொண்டைதான் பெரிய தொண்டை. எங்கள் அணியோ தோற்பதற்கென்றே பிறந்த அணி. ஆகவே அணியைப் பழக்க மதராஸிலிருந்து புது மாஸ்டர் குடும்பத்தோடு வந்து மைதானத்தை ஒட்டிய வீட்டில் இறங்கியபோது, நம்ம ஊர்க்காரராச்சே என்று நான் குதித்த குதி கொஞ்சநஞ்சமில்லை.

மறுநாள் சாயங்காலம் சுவரேறிப் பார்த்தேன். கரியடுப்புப் புகையும் பனியும் கலந்து மைதானம் மங்கிக் கிடந்தது. பையன்கள் ஓடினார்கள், எறிந்தார்கள், எம்பிப் பிடித்தார்கள். பந்தைத்தான் காணோம். சத்தமும் இல்லை. ஓரத்துப் பெஞ்சியில் மாஸ்டரின் மனைவியும் இரண்டு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இல்லாத பந்து போன பக்கமெல்லாம் மூன்று தலைகளும் ஒன்றாகத் திரும்பின. "அடடா, வளையத்துல பட்டு வெளியில வந்துடுத்தே!" என்று சின்னவள் உச்சுக்கொட்டினாள்.

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மாஸ்டரிடமே கேட்டேன்.

"பந்து எங்க மாஸ்டர்?"

"பந்தைக் குடுத்தா பசங்க அதையேதான் பாக்கும், ஆட்டத்தைப் பாக்காது. ஆட்டம் வரட்டும், பந்து தானா வரும்" என்றவர், சட்டென்று "குனியுங்கோ!" என்றார்.

குனிந்தேன். தலைக்கு மேல் குப்பென்று காற்று ஒன்று போயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள்.

ஒரே மாதத்தில் ரசிகர்கள் கதிகலங்கிப் போனார்கள். வங்காளிகள் "பூத்! பூத்!" என்றார்கள், பேய் என்று அர்த்தம். நம்மவர்கள் "மாமி மலையாளத்துப் பக்கமாம், ஓய்!" என்று காதைக் கடித்தார்கள். மந்திரித்த எலுமிச்சம்பழங்களைத் தினம் ஒன்றாக மாஸ்டர் வீட்டுக்குள் வீசினோம். கடைசியில், மாஸ்டரை மாற்றும்படி பிரின்ஸிபாலுக்கு ஒரு மகஜர். மன்றாடி எழுதுவதற்கு மதராஸ் குமாஸ்தாவை விட்டால் ஆளேது? எழுதியவன் சாட்சாத் நானேதான். என் இங்கிலீஷில் பிரின்ஸிபால் உருகிவிட்டார். வருகிற போட்டியில் தோற்றால் மாஸ்டர் குடும்பம் மதராஸ் மெயில் ஏற வேண்டியது என்று உத்தரவாயிற்று.

அன்றைக்கே சுவருக்கு மேல் ஒரு ஜாடி முளைத்தது. பின்னாலேயே மாமியின் முகம்.

"யாரோ புண்ணியவான் தினம் எலுமிச்சம்பழம் போட்டுட்டுப் போறார். ஊறுகா போட்டேன். மெஸ் சாப்பாட்டுல நாக்கு செத்துப்போயிருக்குமே உங்களுக்கு."

நான் ஜாடியை வாங்கிக்கொண்டேன்.

"யாரோ மகாபாவி மகஜர் எழுதியிருக்கானாம். ஊர்ல வீட்டைக் காலி பண்ணிட்டுன்னா வந்தோம்! திரும்பிப் போனா நிக்க நிழல் கிடையாது."

புண்ணியவானும் மகாபாவியுமாகிய நான் ஜாடியை அணைத்தபடி நின்றேன். இவர்கள் ஜெயித்துவிட வேண்டுமே என்று அன்று முதல் எனக்குத் தூக்கம் போயிற்று.

போட்டியன்று நிஜப் பந்து வந்தது. கூடவே பனியும் வந்தது. சமநிலையில் ஆட்டம் முடியப்போகும்போது எதிர்க் கம்பம்கூடத் தெரியவில்லை. ரசிகர்கள் என்ன செய்தோம் தெரியுமா? மைதானத்தை விட்டுவிட்டு மாஸ்டர் குடும்பத்தைப் பார்த்தோம். மூன்று தலைகள் இடப்பக்கம் திரும்பினால் "ஐயோ!" வலப்பக்கம் திரும்பினால் "ஆஹா!" ரெஃபரியே அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று தலைகளும் மெல்ல உயர்ந்தன. "விழுந்தாச்சு!" என்று சின்னவள் துள்ளி எழுந்தாள். உடனே ரெஃபரி விசிலை ஊதினார். ஜெயித்துவிட்டோம்!

கத்திக் களைத்து மெஸ்ஸுக்குத் திரும்பினால், கொல்லையில் சமையல்காரர் முழித்துக்கொண்டு நிற்கிறார். தண்ணீர்த் தொட்டியில் அந்த நிஜப் பந்து மிதக்கிறது.

"எப்ப விழுந்தது, ஓய்?"

"நீங்கள்லாம் கடைசியா ஹோன்னு கத்தினேளே, அதுக்கு ரொம்ப முன்னாடியே தொப்புன்னு விழுந்துது."

ஒரே ஓட்டமாக மைதானத்துக்குத் திரும்பினேன். ஐந்து பையன்களையும் தனித்தனியாகக் கேட்டேன். கடைசிப் பந்தைப் போட்டது தான்தான் என்று ஐந்து பேரும் அடித்துச் சொன்னார்கள்.

மறுபடி கொல்லைக்கு வந்ததும் சுவருக்கு மேல் மாஸ்டரின் தலை தெரிந்தது. "பந்து ஏதாவது இந்தப் பக்கம் வந்துதா?"

தொட்டியைப் பலகையால் மூடி, அதன்மேல் ஏறி உட்கார்ந்தேன். "வரலையே, மாஸ்டர்!"

அவர் என்னையும் பலகையையும் சற்று நேரம் பார்த்தார். "எனக்கும் வந்த மாதிரி தெரியலை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மாஸ்டர் குடும்பம் அதே வீட்டில் வெகுகாலம் இருந்தது. அந்தப் பந்து காற்றுப் போய்ச் சுருங்கி இன்னும் என் பெட்டிக்குள் கிடக்கிறது. நான் அதை எடுப்பதில்லை. பனி இறங்குகிற சாயங்காலங்களில் மாஸ்டர் ஞாபகம் வந்தால், யாரும் பார்க்காதபோது வெறுங்கையைத்தான் நீட்டிப் பார்க்கிறேன்.