மாப்பிள்ளை வீட்டாரை நிறுத்திய துறைமுகம் அண்ணன்

பினாங்கில் எந்தத் தண்ணீரும் துறைமுகம் அண்ணனிடம் சொல்லிக்கொண்டுதான் ஓட வேண்டும். மனிதர் துறைமுகத்தில் வேலை பார்த்தவரில்லை, டயர் கடையில் இருந்தவர். ஆனால் சுங்கை பினாங் ஓரத்து எங்கள் அடுக்குமாடியில், ஆற்றைப் பார்த்த மாடி நடைபாதையில் நின்று அவர் போடும் சத்தத்துக்கு அந்தப் பெயர் தானாக ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் கரண்ட் பில்லுக்கு மட்டும் தெரியும்.

மிதப்பதெல்லாம் அவருக்குக் கப்பல். நான் பல் துலக்கும்போதே ஆரம்பிப்பார். "தம்பி, கப்பல் வருது!" எட்டிப் பார்த்தால் மீன்பிடிச் சம்பான் படகு. ஒருநாள் பழைய மெத்தை ஒன்று மிதந்து வந்தது. "லைசென்ஸ் இல்லாத கப்பல்லா இது," என்று வருத்தப்பட்டார். கரையில் வெயில் காயும் பெரிய உடும்புக்கு டத்தோ பட்டம் கொடுத்தவரும் அவர்தான். "டத்தோவ ரெண்டு நாளா காணோம். மீட்டிங்குக்குப் போயிருப்பாரு."

"ஆறு நாறுதுண்ணே, அதைப் போயி இப்படிப் பார்க்கிறீங்களே!" என்று என் மனைவி தலையில் அடித்துக்கொள்வாள்.

"நாறினாலும் ஓடுதும்மா. நாமதான் வாசனையா உட்கார்ந்திருக்கோம்."

இந்த வாயோடு யார் மல்லுக்கட்டுவது? எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். என் மகளின் நிச்சயதார்த்தத்தில் அவர் கை வைத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

மாப்பிள்ளை வீடு கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிம்பாங் அம்பாட். ராகு காலம் பிறப்பதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும், தப்பினால் வேறு நாள்தான் என்று மாப்பிள்ளையின் அத்தை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அன்றைக்கென்று பாலத்தில் ஜாம். ஒருவழியாக, "கிட்ட வந்துட்டோம்" என்று போன் வந்தது. அப்புறம் ஆளைக் காணோம். பதறிக் கீழே ஓடினேன்.

ஆற்றோரச் சாலையின் நடுவில், கட்டிய கைலியோடு, இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டிருந்தார் துறைமுகம். அவர் முன்னால் வரிசையாக மாப்பிள்ளை வீட்டுக் கார்கள். மடியில் சீர்த்தட்டுகளை வைத்துக்கொண்டு சனம் உள்ளே வெந்துகொண்டிருந்தது.

"என்னண்ணே பண்றீங்க? நேரமாச்சு!"

"பெரிய குடும்பம் கடக்குது தம்பி. கொஞ்சம் பொறுலா."

நீர்நாய்க் குடும்பம்! சாக்கடையிலிருந்து ஏறி ஆற்றுக்குப் போகின்றன. ஒரு குட்டி மட்டும் நடுரோட்டில் படுத்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.

அத்தை கதவைத் திறந்து இறங்கினார். "யாருய்யா நீ? நல்ல காரியத்துக்குப் போறப்ப குறுக்க நிக்கிற? சகுனம் பார்க்க வேணாமா?"

"சகுனந்தான்க்கா போயிட்டிருக்கு. ஆத்தா, அப்பன், புள்ளைங்க எல்லாம் ஒண்ணா போகுது. கல்யாணத்துக்கு இதவிட என்ன சகுனம் வேணும்?"

அந்த நேரம் பார்த்துத் தாய் திரும்பி வந்தது. குட்டியின் பிடரியைக் கவ்வித் தூக்கியது. அத்தை திறந்த வாயை மூடவில்லை. பின்னால் மாப்பிள்ளையின் கார் லேசாக ஹாரன் அடித்தது.

"டேய், இன்னொரு தடவ அடிச்சே, கல்யாணத்தையே நிறுத்திப்புடுவேன்!" என்று அத்தை திரும்பிக் கத்தினார்.

அவ்வளவுதான். மொத்தச் சம்பந்தி வீடும் இறங்கிப் போன் பிடித்துப் படம் எடுக்கிறது. பெண்ணைப் பெற்றவன் கடிகாரத்தைக் காட்டிக் காட்டிக் குதிக்கிறேன், ஒருவரும் திரும்பவில்லை. கடைசியில் துறைமுகமே கை தட்டினார். "படம் முடிஞ்சுது, எல்லாம் மேல வாங்க!" லிப்ட் கதவில் காலைக் கொடுத்து நிறுத்தி, கூட்டம் கூட்டமாக ஏற்றினார். "யாரும் லிப்ட அமுக்காதீங்க, மாப்பிள வீடு வருது!" என்று மாடிக்கு மாடி கேட்கும்படி கத்தினார். ராகு காலம் வாசலில் நிற்க, தட்டு மாறியது.

மூச்சு விட நேரம் கிடைத்ததும் அத்தை கேட்டார், "அந்த மனுசன் எங்க? அவருக்கு முதல்ல வெத்தலை பாக்கு குடுங்க."

இதற்கும் நான்தான் அலைய வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனேன். நடைபாதைக் கம்பியில் பாதி உடம்பு வெளியே தொங்க நின்றார்.

"சாப்பிட வாங்கண்ணே. சம்பந்தி தேடுறாங்க."

"நீ போ தம்பி. அந்தக் கடைக்குட்டி தண்ணியில இறங்குச்சு, இன்னும் தலை காட்டலே."

உள்ளே இலை போட்டுவிட்டார்கள். என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நான் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"எந்தப் பக்கமா பார்க்கணும்ணே?"