கறுப்பு வண்டிக்கு ஆளுயர மாலை

மோட்டார் சைக்கிள் கிளப்பில் சேரலாமா, கட்டுகிற சந்தாவுக்குப் பெறுமா என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் உடனே பதில் சொல்வதில்லை. "உங்களுக்குச் சம்பந்தி உண்டா?" என்று முதலில் கேட்பேன். உண்டு என்றால், உட்காருங்கள் என்பேன்.

நான் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் நாலாம் வகுப்பில் இரண்டு வருசம். (வாத்தியாருக்கு என்னைப் பிரிய மனமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.) ஆனாலும் தாராவியில் தோல் பை முத்தையா அண்ணாச்சி என்றால் சின்னப் பிள்ளை கூட வழி காட்டும். ஒற்றைத் தையல் மிஷினில் ஆரம்பித்தவன், இன்று பதினான்கு மிஷின் ஓடுகிறது. தோலைத் தடவிப் பார்த்தே அந்த ஆடு எந்தப் பக்கமாகப் படுத்துத் தூங்கியது என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட நான் ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஒரு மணி நேரத்துக்குள், செம்பூரில் ஒரு தெருவையே அழவைத்தேன்.

கிளப்பைப் பற்றி எனக்குச் சொன்னவர் ராமலிங்கம். என் மகள் கனகா கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட சங்கரின் அப்பா. ஆபீஸில் ஃபைல் புரட்டி ரிடையர் ஆனவர். செம்பூரில் வீடு.

"சொந்த வண்டி எதுக்குங்கேன் அண்ணாச்சி? சந்தா கட்டினா போதும். வேணுங்கும்போது எடுக்கலாம், வேண்டாம்னா கொண்டு விட்டுரலாம். சர்வீஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் அவன் தலைவலி. மாட்டுங்கா ஷெட்டுல கறுப்பு வண்டி ஒண்ணு நிக்கி. ராசியான வண்டி. நான் அதத்தான் எடுக்கது."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எங்கள் சந்தில் குடையை விரித்தாலே இரண்டு பேர் சண்டைக்கு வருவார்கள், வண்டியை எங்கே நிறுத்த? மழைக்காலத்தில் எலி வேறு ஒயரைத் தின்றுவிடும். ஆனால் அவர் அதை எனக்குப் பாடம் நடத்துகிற மாதிரி சொன்னதுதான் பொறுக்கவில்லை. அவர் மாசாமாசம் சந்தா கட்டுகிறவர். நான் அன்றைக்கே ஒரு வருசத்துக்கும் சேர்த்து ஒரே அடியாகக் கட்டினேன். (நான் யாரென்று தெரிய வேண்டாமா?)

கல்யாணம் அப்போது நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. சங்கரின் அம்மா இசக்கியம்மாளுக்குச் சகுனம்தான் எல்லாம். முதல் தடவை நாங்கள் போனபோது பூனை குறுக்கே போனது. இரண்டாம் தடவை பக்கத்து வீட்டுக்காரர் தும்மினார். இப்படியே கனகா மூன்று வருசம் காத்திருந்தாள். கடைசியில் அந்த அம்மாள் போனில் சொன்னார்:

"வெள்ளிக்கிழம பத்தரைக்கு ராகுகாலம். அதுக்கு முன்ன வந்து பூவும் பழமும் குடுங்க. அன்னைக்கும் சகுனம் சரியில்லன்னா, இந்தப் பேச்ச இத்தோட விட்டுருவோம்."

அன்று காலை கனகா என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "அப்பா, ஒரு டாக்ஸி பிடிச்சு போயிட்டு வாங்க. சும்மா உக்காந்து எழுந்திரிச்சு வந்தா போதும். வேற ஒண்ணும் பண்ணாதீங்கப்பா."

"ஒத்தையில போகாதீய, நானும் வாரேன்" என்றாள் என் மனைவி பேச்சியம்மாள்.

"நீ பின்னால ஏறினா வண்டி முன்னால தூக்கும்" என்று சொல்லிவிட்டு, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் பூ பழப் பையோடு மாட்டுங்காவுக்கு நடந்தேன்.

ஆவணி மாத மழை. காலை ஒன்பது மணி என்று கடிகாரம் சொன்னது, வானம் ஒத்துக்கொள்ளவில்லை. கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால் இருந்தது அந்த ஷெட். அங்கே மனிதர் யாரும் கிடையாது. போனில் வந்த நம்பரை அழுத்தினால் ஷட்டர் தானாக ஏறுகிறது. உள்ளே வரிசையாக வண்டிகள், ஒவ்வொன்றும் தலையோடு கால் போர்த்திப் படுத்திருந்தன. சுவரில் ஆணியடித்து ஹெல்மெட்டுகளை மாட்டியிருந்தார்கள். முகம் மட்டும்தான் இல்லை. நான் உள்ளே நுழைந்ததும் ஷட்டர் எனக்குப் பின்னால் தானாக இறங்கி, பாதியில் நின்றது.

கறுப்பு வண்டி ஒன்று மட்டும் போர்வையில்லாமல் எனக்காகக் காத்திருந்தது.

சீட்டில் கை வைத்தேன். சூடாக இருந்தது.

கண்ணாடியில் என் முகம் தெரியவில்லை. என்னைவிட உயரமான யாருக்கோ திருப்பி வைத்திருந்தது. ஹேண்டிலில் ஒரு ஹெல்மெட் தொங்கியது. அதன் நெற்றியில் மூன்று கோடாக விபூதிப் பட்டை ஸ்டிக்கர், உள்ளே யாருடைய தலை எண்ணெயோ மணத்தது. யாரோ விட்டுப்போனது என்று அப்படியே விட்டுவிட்டு, சுவரிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டேன். (பயம் இல்லை. அளவு சரிவராது என்றுதான்.)

எங்கள் பக்கம் புது வண்டி எடுத்தால் எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் கொளுத்தி, மாலை போட்டுத்தான் கிளப்புவோம். சந்தா வண்டியானாலும் எனக்கு அன்று முதல் ஓட்டம். பக்கத்துப் பூக்கடைக்குப் போனேன்.

"இருக்கதுலயே பெரிய மாலை குடு தாயி."

"ஆளுயர மாலை ஒண்ணு இருக்கு அண்ணாச்சி. ஆனா அது வந்து... நேத்து ஒருத்தங்க சொல்லி வச்சது. அந்த வீட்டுல ஆளு பொழச்சிக்கிட்டதால வாங்க வரல..."

"விலையப் பத்திப் பேசாத. கட்டிக் குடு."

அவள் சொன்னதில் பாதிதான் என் காதில் விழுந்தது. மற்ற பாதி விழுந்தபோது நான் செம்பூரில் இருந்தேன். வெள்ளைச் சம்பங்கியும் ரோசா இதழுமாக ஹெட்லைட்டிலிருந்து பெட்ரோல் டேங்க் வரை படுத்துக்கிடந்தது மாலை. சூடம் காட்டினேன். காற்றே இல்லாத இடத்தில் அது இரண்டு தடவை அணைந்தது.

வண்டியைக் கிளப்பி ஒரு ஃபர்லாங் போயிருப்பேன். சங்குச் சத்தம் கேட்டது.

எங்கள் ஊரில் பாடைக்கு முன்னால் ஊதுவார்களே, அதே சங்கு. திரும்பிப் பார்த்தேன். ரோட்டில் மழையும் டாக்ஸியும்தான். நிறுத்தினேன், சங்கும் நின்றது. மறுபடி கிளம்பினேன், சங்கும் கிளம்பியது. ஓரமாக நிறுத்தி இறங்கி, வண்டியைச் சுற்றி வந்தேன். சத்தம் இல்லை. ஏறி உட்கார்ந்ததும் என் தொடைக்குக் கீழே ஏதோ முனகுவது போல நடுங்கியது. சயான் வருவதற்குள் நான்கு தடவை இறங்கி ஏறினேன். எங்கள் சுடலை சாமியை அதற்கு முன் அவ்வளவு அவசரமாக நான் கூப்பிட்டது கிடையாது.

சயான் பாலத்துக்குக் கீழே மழைக்காக ஒதுங்கினேன். அங்கிருந்த டீக்காரன் வண்டியைப் பார்த்ததும், நான் கேட்காமலே, சர்க்கரை போடாத இஞ்சி டீ ஒன்றை ஊற்றி நீட்டினான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான். மாலையைப் பார்த்தான். டீயை அப்படியே தரையில் ஊற்றிவிட்டான்.

"கப் ஹுவா?" என்றான். எப்போது ஆயிற்று என்று கேட்கிறான். பூசையைத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன்.

"அபி அபி. இப்பத்தான், ஒம்பது மணிக்கு" என்றேன்.

அவன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். எனக்கு வேறு டீ தந்தான், காசு வாங்க மறுத்தான். தாராவி முத்தையாவின் பெயர் சயான் வரை வந்திருக்கிறது என்று எனக்குள் ஒரு சந்தோஷம்.

செம்பூரில் அவர்கள் தெருவுக்குள் நுழைந்தபோது மணி பத்தே முக்கால். சங்குக்குப் பயந்து இறங்கி ஏறியதில் ராகுகாலம் பதினைந்து நிமிசம் உள்ளே போய்விட்டது. உள்ளே காலடி வைத்தால் கனகாவின் வாழ்க்கை போச்சு. ஆகவே நான் ஒரு முடிவெடுத்தேன். (என் புத்திசாலித்தனம் என்றைக்கும் என்னைக் கைவிட்டதில்லை. அன்றும் விடவில்லை, அதுதான் வினை.) பன்னிரண்டு மணிவரை வாசலுக்கு வெளியே நிற்பது. நல்ல காரியத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. பழப் பையையும் கண்ணில் காட்டுவதில்லை.

இசக்கியம்மாள் வாசலுக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், தொங்கிய ஹெல்மெட்டைப் பார்த்தார்.

"உள்ள வாங்கண்ணே" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இல்ல மதினி. நான் உள்ள வரக்கூடாது."

"தண்ணியாவது..."

"தண்ணியும் வேண்டாம். இப்ப ஒண்ணும் கேக்காதீய. நேரம் சரியில்ல. எல்லாரும் வந்து சேரட்டும், பன்னெண்டு மணிக்கு மேல சொல்லுதேன்."

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கேதம், அதாவது சாவுச் சேதி, சொல்ல வருகிறவன் எப்படி வருவான் தெரியுமா? வெள்ளை வேட்டியில் ஒற்றையாக வருவான். வாசல்படி ஏறமாட்டான். தண்ணி குடிக்கமாட்டான். நானே என் சின்ன வயசில் இரண்டு சாவுக்கு அப்படிப் போய்ச் சொன்னவன்தான். அன்று அது ஒன்றுகூட எனக்கு ஞாபகம் வரவில்லை.

தெருவில் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. எதிர்வீட்டு டி.வி. நின்றது. மாவு அரைத்த மிக்ஸி நின்றது. ஜன்னல் ஜன்னலாகப் பெண்கள் வந்து நின்றார்கள், யாரும் என்னைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி வண்டியைப் பார்த்தார்கள். யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து மழையிலேயே வரிசையாகப் போட்டார்கள். ஒரு நிமிசம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வழியில் எங்கேயோ அடிபட்டுச் செத்தது நான்தானோ, அது தெரியாமல் இங்கே வந்து நிற்கிறேனோ என்று என் கையை நானே கிள்ளிக்கொண்டேன்.

இசக்கியம்மாள் புருசனுக்குப் போன் போட்டார்.

மாலை போட்ட வண்டிக்குள்ளிருந்து சங்கு ஊதியது.

அவர் போனைக் காதிலிருந்து எடுத்தார். வண்டியைப் பார்த்தார். சங்கு ஊதிக்கொண்டே இருந்தது. "என்ன ஆண்ட ராசா" என்று ஒப்பாரி எடுத்தார். உள்ளேயிருந்து சங்கர் ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினான். "மாமா, எங்கப்பா எங்க மாமா? காலைல அந்த வண்டியிலதான போனாரு! எந்த ஆஸ்பத்திரி?"

காலையில் அதே வண்டியில் போனார்! சூடான சீட்டும், திருப்பி வைத்த கண்ணாடியும், டீக்காரன் ஊற்றிய டீயும், பூக்காரி சொன்ன மற்ற பாதியும் அப்போதுதான் எனக்கு ஒன்றுசேர்ந்தன. அந்த மனுசன் போய்விட்டார், என்னோடு பின்சீட்டில்தான் வந்திருக்கிறார் என்று நான் முழுசாக நம்பிவிட்டேன். "சம்பந்தீ!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்துவிட்டேன். கேதம் சொல்ல வந்தவனே அழுத பிறகு யாருக்கு என்ன சந்தேகம் இருக்கும்?

பதினைந்து நிமிசம் போயிருக்கும். கூட்டத்தின் கடைசியில் ஒரு குரல் மெல்லக் கேட்டது.

"யாரு போயிட்டா?"

"நம்ம ராமலிங்கம் சாருதான்" என்று முன்னால் நின்றவர் திரும்பாமலே சொன்னார்.

"அடப்பாவமே" என்று அந்தக் குரல் செருப்பைக் கழற்றியது. நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். தோளில் வாழையிலைக் கட்டு, கையில் காய்கறிப் பை, மழையில் சொட்டச் சொட்ட, கண்ணை மூடிக் கும்பிட்டபடி நின்றுகொண்டிருந்தார் ராமலிங்கம்.

நான் எழுந்து ஓடியிருக்கலாம். எழுந்தேன், வண்டி மேல் சாய்ந்தேன், வண்டியும் மாலையும் நானும் சாக்கடைக்குள் போனோம்.

விசயம் இவ்வளவுதான். எனக்கு விருந்து போடுவதற்காக அவர் விடிகாலையிலேயே கிங்ஸ் சர்க்கிளுக்குக் காய்கறி வாங்கப் போயிருக்கிறார். ஒன்பது மணிக்கு அதே வண்டியை நான் கேட்டிருந்ததால், எட்டே முக்காலுக்கு அவசரமாக ஷெட்டில் விட்டுவிட்டு, ஹெல்மெட்டை ஹேண்டிலிலும் போனை சீட்டுக்குக் கீழே இருந்த பெட்டியிலும் மறந்துவிட்டுக் கடைகளுக்கு நடந்திருக்கிறார். அப்புறம் பஸ் கிடைக்கவில்லை. போன் வந்தால் சங்கு ஊத வேண்டும் என்று வைத்திருந்தது பக்தியினால். இலை வாங்க மறந்துவிடாதீர்கள் என்று சொல்ல அந்த அம்மாள் வழிநெடுக அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

இசக்கியம்மாள் புருசனைக் கட்டிப்பிடித்து அழுதார். அப்புறம் வாழையிலைக் கட்டாலேயே அவரை நாலு சாத்து சாத்தினார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். சாக்கடைத் தண்ணீர் சொட்ட நின்ற எனக்குக் கனகாவின் முகம் ஞாபகம் வந்தது. வேற ஒண்ணும் பண்ணாதீங்கப்பா.

"மதினி, தப்பு என் மேல. பிள்ளைகள் என்ன செய்யும்..."

"செத்ததாச் சேதி வந்தா ஆயுசு கூடும்னு சொல்லுவாவ" என்றார் அவர். "அவியளுக்கு ஆயுசக் கூட்டிக் குடுத்த வீட்டுல பொண்ணெடுக்க எனக்குச் சம்மதம். ஆனா இந்த வாசல்ல ஒப்பாரி விழுந்துட்டு. பதினாறு கழிக்காம இங்க நல்ல காரியம் கிடையாது."

"ஆளுதான் முழுசா நிக்காரே மதினி!"

"அது ஒப்பாரிக்குத் தெரியுமா? விழுந்த ஒப்பாரி ஆளத் தேடிக்கிட்டே கெடக்கும் அண்ணே."

அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. தெருவில் யாரும் சிரிக்கவில்லை.

பதினாறாம் நாள் ராமலிங்கம் தன் காரியத்துக்குத் தானே தலைவாழை இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். "எனக்குப் போட்ட வடை இவ்வளவு சின்னதாவா இருக்கணும்?" என்று கேட்டு இரண்டு வாங்கினார். சம்பந்தி முறைக்குக் கோடி வேட்டி நான்தான் எடுத்தேன். அன்று சாயங்காலமே பூ வைத்தார்கள். கனகா என்னோடு பேச மட்டும் இன்னும் ஒரு மாசம் ஆயிற்று.

கிளப் பெறுமா என்றால், வண்டியில் ஒரு குறையும் இல்லை. பிரேக் அருமை. ஒரு வருசச் சந்தாவில் நான் ஓட்டியது அந்த ஒன்றரை மணி நேரம்தான். கூடுதலாக, யாரோ ஒருவருடைய டீயும் பெண்டாட்டியும் தெருவும் வண்டியோடு சேர்ந்து வரும் என்பதை மட்டும் அவர்கள் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. தனியாகத் தடம் போட்டு ஓட்ட நினைக்கிறவர்கள் சொந்தமாக வாங்குங்கள். எலியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பூ வைத்த அன்று இசக்கியம்மாள் ஒரு நிபந்தனையும் போட்டார். சேதி கொண்டுவந்தவனுக்கு மறுசேதி போய்க்கொண்டே இருக்க வேண்டுமாம். அதனால் தினமும் காலை எட்டு மணிக்கு ராமலிங்கம் எனக்குப் போன் செய்கிறார். "இருக்கேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுவார். இப்போது எங்கள் இரண்டு வீட்டிலும் இதே பேச்சுதான். மருமகன் ஆபீஸிலிருந்து தாமதமாக வந்தால் கதவைத் தட்டிக்கொண்டே "இருக்கேன்" என்பான். பேச்சியம்மாள் நான் குளியலறையில் அதிகநேரம் இருந்தால், "இருக்கீயளா?" என்று வெளியே நின்று கேட்டுச் சிரிக்கிறாள்.

போன வாரம் ஒரு நாள் எட்டு மணிக்குப் போன் வரவில்லை. எட்டேகாலுக்கும் வரவில்லை. தோல் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டு மிஷின்களை நிறுத்தச் சொன்னேன். பட்டறையில் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. எட்டு நாற்பதுக்கு மணி அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"சம்பந்தி?" என்றேன்.

"பயந்துட்டீரோ வே?" என்றார். "இருக்கேன்."

"நானும்தான் வே" என்றேன். அன்றிலிருந்து நானும் பதில் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன்.