பலகையின் மேல் குற்றமில்லை

பினாங்கு,
12 மார்ச் 1934

அன்பு மகன் ரேமண்டை சேசு மரி சூசை காக்க, பெரியம்மா அமலம்மாள் எழுதுவது.

நான் கால்வாயில் விழுந்துவிட்டதாக உன் சின்னம்மா மார்த்தா எழுதியிருப்பாள். விழவில்லை. குப்புறப் படுத்திருந்தேன். அதுவும் உனக்காக.

சிங்கப்பூர்க் கல்லூரியில், குழாயிலிருந்து ஓடிவரும் தண்ணீருக்குள் கிடத்திய பலகையை ஒட்டி நீ விட்ட மைக்கோடு கடைசிவரை நேராகப் போகாமல் பாதியிலேயே கலைந்ததென்றும், பலகையை ஒழுங்காக இழைக்காத சோம்பேறி என்று வாத்தியார் ஏசியதாகவும், மார்ச் கடைசிக்குள் சரிசெய்யாவிட்டால் பரீட்சைக்கு விடமாட்டாரென்றும் சொல்லி, விடுமுறையில் பலகையோடு வந்து நின்றாய். நம் குடும்பத்தில் சோம்பேறி கிடையாது. நீ விட்டுப்போன பலகையை உப்புத்தாள், தேங்காயெண்ணெய், மெழுகு என்று மூன்று வாரம் தேய்த்தேன். ஹபீபா பீவி வீட்டுக்கும் நமக்கும் பொதுவான சிமிந்திக் கால்வாயில் அதை வைத்து, சலவை நீலத்தை மெல்ல விட்டுப் படுத்துப் பார்த்தால், பாதியில் கலைகிறது. மறுபடி தேய்த்தேன். மறுபடி கலைந்தது.

ஹபீபா எட்டிப் பார்த்தாள். "அமலக்கா, பலகைய ஏன் போட்டு வதைக்கிறீங்க? தண்ணி எங்க குழாயிலேருந்து விழும்போதே குதிச்சுக்கிட்டுத்தானே வருது லா!"

"தண்ணின்னா குதிக்கத்தான் செய்யும். பலகைதான் சொரசொரப்பு."

"மூணு வாரமா தேச்சீங்க, இன்னும் சொரசொரப்பா? கொஞ்சம் இருங்க."

தேங்காய்ப்பால் பிழியும் துணியைக் கொண்டுவந்து, குழாய்க்கும் பலகைக்கும் நடுவே, கால்வாய்க்குக் குறுக்கே இழுத்துக் கட்டினாள். துணியைக் கடந்த தண்ணீர் அடங்கி வந்தது. நீலம் பலகையின் கடைசிவரை நூல் பிடித்தாற்போல் போனது! அவிழ்த்தோம், கலைந்தது. கட்டினோம், நேரானது. ஏழு முறை பார்த்தேன். வேகம் குறைந்துவிட்டதோ என்று காய்ந்த கறிவேப்பிலையை மிதக்கவிட்டேன். இரண்டு விதத்திலும் பலகையைக் கடக்க ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்லும் நேரம்தான்.

கான்வென்ட்டில் சுவரை ஒட்டி வரிசையாக நடப்போம். பக்கத்தில் வருபவர்கள் அடக்கமாக வந்தால் எங்கள் வரிசை நெடுந்தூரம் குலையாது. விளையாடிய சூட்டில் துள்ளிக்கொண்டு வந்தால் இடித்துச் சீக்கிரமே குலைத்துவிடுவார்கள். முட்டி போட்டதென்னவோ சுவரோரம் நின்ற நான்தான். பலகையை ஒட்டி நழுவும் மெல்லிய தண்ணீருக்கும் அதே கதி. பலகை மிக நீளமென்றால் என்றைக்கும் எங்காவது கலையும்தான். வருகிற தண்ணீரே கலவரத்தோடு வந்தால் முன்னதாகவே கலைகிறது. ஆகவே வாத்தியாருக்குப் பலகையைக் காட்டாதே, குழாயைக் காட்டு.

ஹபீபாவுக்கு நான் பட்ட நன்றிக்கடன் பெரிது. அன்று அவர்கள் வீட்டில் தேங்காய்ப்பால் இல்லாத குழம்பு. ஒரு முணுமுணுப்பு இல்லை. என்னை நம்பிப் பலகையைக் கொண்டுவந்த உனக்கும் நன்றி. தேவமாதா உன் கையையும் புத்தியையும் ஆசீர்வதிப்பாராக.

உன் பெரியம்மா,
அமலம்மாள்

பி.கு.: உறையை ஒட்டுமுன் எட்டாவது முறை பார்க்கப் போய்க் கால்வாயில் விழுந்துவிட்டேன். மார்த்தா எழுதியது இப்போது உண்மை. இடுப்புச் சாவிக்கொத்து பலகையின் நடுவே கீறிவிட்டது. நான் பலகைக்குக் கீழ்ப்புறம் சறுக்கிக் கிடந்ததால் தண்ணீரைக் கலக்கவில்லை. தூக்க வந்த ஹபீபாவை முதலில் நீலத்தை விடச் சொன்னேன். துணி கட்டியே இருந்தது. கீறலைத் தாண்டியும் நேராகத்தான் போனது. என் மூன்று வாரத் தேய்ப்பு வீண். இதையும் வாத்தியாரிடம் சொல். பரீட்சைக்கு விடுகிறாரா என்று, மார்த்தாவிடம் சொல்லியனுப்பாமல், எனக்கே கடிதம் எழுது.