கட்டிலுக்கு அடியில் ஒரு மூட்டை முலாம்பழம்

இன்ஜினியரிங் படித்தவன் கையில் பழத்தைக் கொடுக்கவே கூடாது. வெட்டித் தின்கிறதை விட்டுவிட்டு ஆராய்ச்சி பண்ணுவான். நான் பண்ணினேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே ஓங்கி அறையலாமா என்று வருகிறது.

தேவிக்கு அப்போது மசக்கை. ஊரை விட்டு வடக்கே வந்து, விஷ்ராந்த்வாடி ஃபிளாட்டில் நானும் அவளும் மட்டும். இட்லி, சோறு, எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. முலாம்பழம் மட்டும் நின்றது. "எடை இன்னும் இறங்கினால் அட்மிட் பண்ண வேண்டியதுதான்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த நேரம் பார்த்துப் பழக்காரர், சீசன் முடிந்தது, இதுதான் கடைசி லோடு என்றார். ஒரு மூட்டையை வாங்கி ரிக்‌ஷாவில் ஏற்றினேன்.

பழத்தை வெந்நீரில் கொஞ்சம் முக்கி எடுத்தால் பூஞ்சை செத்துவிடும், நாள்பட இருக்கும் என்றது ஒரு வீடியோ. அதற்குள் மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். (நாசமாய்ப் போகிற ஹிஞ்சேவாடி ஐ.டி. கம்பெனி வேலை, லீவு நாளிலும் விடாது.) உடனே ஆறவைத்து, ஈரம் போக உலர்த்தி, குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்பது வீடியோவின் பின்பாதியில் இருந்ததாம். அதை எந்த மடையன் பார்த்தான்? கீசரை முழுச் சூட்டில் வைத்து, பக்கெட்டில் பழங்களை ஊறப்போட்டு, சுடச்சுட ஈரத்தோடு பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றினேன். ஃபிரிட்ஜில் இடமில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டிக்குள் அடுக்கி மூடினேன். செலவுக்கென்று நாலைந்தை மட்டும் வெளியே வைத்தேன்.

"ஏனுங்க, என்னமோ நாறுதுங்க" என்றாள் தேவி, மூன்றாம் நாள்.

"டிரெய்னேஜா இருக்கும்."

சொசைட்டி செக்ரட்டரியிடம் போய் என் ஓட்டை இந்தியில் எகிறினேன். அவர் ஆள் வைத்துச் சாக்கடை மூடியைத் திறந்து காட்டி, "சுத்தமாத்தானே இருக்கு?" என்று கத்தினார். நான் அதைவிடக் கத்தினேன்.

வெளியே வைத்திருந்த பழம் தீர்ந்ததும் ஜம்பமாகப் பெட்டியைத் திறந்தேன். அடப்பாவி! அத்தனையும் வெந்து, அழுகி, பிளாஸ்டிக்குள் கூழாகக் கிடந்தன. தேவி பாத்ரூமுக்கு ஓடினாள். திரும்பியபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"யோவ்! எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதானய்யா! அதையும் வேக வெச்சுட்டியா? இது மேலயா என்னைப் படுக்க வெச்ச?"

திட்டிக்கொண்டே சமையலறைக்குள் போனாள். எனக்கென்று வைத்திருந்த தயிர்சாதத்தை எடுத்து, என் பரம்பரையில் ஒருத்தரையும் விடாமல் இழுத்துத் திட்டினாள். திட்டு வாங்கிய ஆளுக்கொரு வாய் என்று அவளுக்குள் சோறும் போனது. தட்டு காலியானதும் இருவரும் பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டோம். அவளுக்கு வாந்தி வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் பிசைஞ்சு கொண்டா" என்றாள், கோபம் குறையாமலே.

இப்போது எங்கள் மகள் சாப்பிட அடம்பிடித்தால், கோயமுத்தூரிலிருந்து என் மாமியார் வீடியோ காலில் வந்துவிடுவார்.

"கண்ணு, உங்கப்பனை ஒரு பழம் வாங்கிப் பத்திரமா வெக்கச் சொல்லு. அப்புறம் வர்ற கோவத்துல பசி தன்னால வந்துரும்."